வினைநிலையும் விளைவளவும்: வேதியியற் சமநிலைக் கொள்கையின் வரலாறு

தோற்றுவாய்

ஒரு பொருளோடு மற்றொரு பொருளைக் கூட்டிச் சூடேற்றினால் புதுப்பொருள் பிறக்கும் என்பது மாந்தர் தொன்றுதொட்டு அறிந்த உண்மை. சுண்ணாம்பு சுட்டோரும், இரும்பு உருக்கியோரும், சாயம் ஏற்றியோரும் இவ்வுண்மையைத் தம் கைப்பழக்கத்தாலேயே அறிந்திருந்தனர். ஆயின், இட்ட பொருள் முழுவதும் புதுப்பொருளாக மாறுமா, ஒரு பகுதி மாறாது எஞ்சுமா, எஞ்சுமாயின் அவ்வெச்சத்தின் அளவை வரையறுப்பது யாது என்னும் வினாக்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தெளிவுற எழுப்பப்படவில்லை. விளைவு குறைந்தால் உலையைப் பழித்தனர், தொழிலாளியைப் பழித்தனர், பொருளின் தூய்மையை ஐயுற்றனர். குறைவுக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கலாம் என்று எண்ணினாரிலர்.

அவ்வெல்லையைக் கண்டறிந்த வரலாற்றை 1799 முதல் 1913 வரையுள்ள காலப்பகுதியில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் ஆராய்ச்சி இதழில் இத்தகைய பொருளுக்கு இடம் ஏன் என்று வினவுவார் இருக்கலாம். ‘சமநிலை’ என்னும் சொல் இன்று நம் பாடநூல்களில் வழங்குகிறது. அச்சொல்லுக்குப் பின்னே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கருத்துப்போர் நின்றது. சொல்லை மட்டும் பெற்று அதன் வரலாற்றைப் பெறாதொழிந்தால், கலைச்சொல் வெறும் ஒலியாய்விடும். மேலும், இவ்வரலாற்றின் நடுவே ஒரு சிறுமொழியில் எழுதப்பட்டமையால் உலகம் அறியாதிருந்த விதியொன்று இருக்கின்றது. மொழித்துறையினர் கருதத்தக்க செய்தி அது.

நாட்ட அட்டவணைகளும் நேட்ரான் ஏரிகளும்

18-ஆம் நூற்றாண்டின் வேதியியலார் பொருள்களுக்கிடையே ஒருவகை ‘நாட்டம்’ உண்டு என்று கொண்டனர். பிரெஞ்சு நாட்டவரான ஜியோஃப்ரா 1718-இல் இந்நாட்டங்களை வரிசைப்படுத்தி அட்டவணை ஒன்று அமைத்தார். சுவீடன் நாட்டு அறிஞர் டார்பெர்ன் பெர்க்மன் 1775-இல் அதனை மிகவும் விரித்தார். இவர்தம் கொள்கைப்படி, ‘அ’ என்னும் பொருள் ‘ஆ’வைவிட ‘இ’யிடம் மிகுந்த நாட்டம் உடையதாயின், ‘அ-ஆ’ என்னும் சேர்மத்தினின்று ‘இ’ யானது ‘ஆ’வை முற்றிலும் வெளியேற்றிவிடும். பொருள்களின் அளவு இதனை மாற்றாது. வலியது வெல்லும், மெலியது நீங்கும் என்பதே முடிவு. இக்கொள்கையில் அரைகுறை வினைக்கு இடமில்லை.

இதனை முதன்முதல் அசைத்தவர் கிளாட் லூயி பெர்த்தொலே. நெப்போலியன் 1798-இல் எகிப்து மீது படையெடுத்தபோது அறிஞர் குழு ஒன்றையும் உடன் அழைத்துச் சென்றான். அக்குழுவில் பெர்த்தொலேயும் இருந்தார். நைல் ஆற்றுக்கு மேற்கே பாலைவனத்தில் உள்ள நேட்ரான் ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட்டு படிந்து கிடப்பதை அவர் கண்டார். அப்பகுதியின் தரை சுண்ணாம்புக்கல் நிறைந்தது. ஏரிநீரோ உப்பு மிக்கது. உப்பும் சுண்ணாம்புக் கார்பனேட்டும் வினைப்பட்டே சோடியம் கார்பனேட்டு தோன்றியிருத்தல் வேண்டும் என்று அவர் உணர்ந்தார்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. சோடியம் கார்பனேட்டுக் கரைசலுடன் கால்சியம் குளோரைடைக் கலந்தால், சுண்ணாம்புக் கார்பனேட்டு வெண்மையாய் வீழ்படிந்து, உப்பு கரைசலில் நிற்கும். நாட்டம் ஒன்றே வினையை நடத்துவதாயின், ஏரியில் ஒரு திசையிலும் குடுவையில் மற்றொரு திசையிலும் அது செல்வது எவ்வாறு? பெர்த்தொலே கண்ட விடை இது: ஏரியில் உப்பும் சுண்ணாம்புக்கல்லும் பேரளவில் உள்ளன, தோன்றிய சோடியம் கார்பனேட்டு கரையில் பூத்து நீங்கிவிடுகிறது, கால்சியம் குளோரைடு மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே பொருள்களின் அளவும், விளைபொருள் நீங்கும் தன்மையும் வினையின் திசையையே மாற்ற வல்லன. இக்கருத்தை 1799-இல் கெய்ரோவில் நிறுவப்பெற்றிருந்த கழகத்தில் படித்தார். 1803-இல் பெருநூலாக விரித்து வெளியிட்டார்.

இங்ஙனம் வினைநிலையே விளைவளவை வகுக்கும் என்னும் உண்மை அன்றே தோன்றிவிட்டது. ஆயினும் அது நிலைபெறவில்லை. காரணம், பெர்த்தொலே தம் கருத்தை ஓரெல்லை கடந்து செலுத்தினார். அளவு வினையை மாற்றுமாயின், சேர்மத்தின் உட்கூறுகளின் விகிதத்தையும் அது மாற்றும் என்றார். அக்காலத்தில் ஸ்பெயினில் பணியாற்றிய பிரெஞ்சு வேதியியலார் ஜோசஃப் புரூஸ்ட் இதனை மறுத்தார். ஒவ்வொரு சேர்மமும் மாறா விகிதத்திலேயே அமையும் என்று பல சோதனைகளால் நிறுவினார். ஆண்டுகள் சில நடந்த இவ்வாதத்தில் புரூஸ்ட் வென்றார். தோல்வியுற்ற பெர்த்தொலேயின் பிழையோடு அவர்தம் மெய்க்கருத்தும் ஒருங்கே புறக்கணிக்கப்பட்டது. ஏறத்தாழ அரைநூற்றாண்டு அதனை எடுத்துப் போற்றுவார் அரியர் ஆயினர். ஓர் அறிஞரின் கூற்றில் பொருந்தாத பகுதியை விலக்குங்கால் பொருந்திய பகுதியைப் பேணுதல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இருதிசை வினை

1850-இல் இலண்டனில் அலெக்சாண்டர் வில்லியம்சன் புதுக்கருத்து ஒன்றைக் கூறினார். வினை ஓய்ந்தது போலத் தோன்றும் கலவையிலும் அணுக்கள் ஓயாது இடம் மாறிக்கொண்டே உள்ளன என்பது அக்கருத்து. ஓய்வு என்று நாம் காண்பது இருதிசை மாற்றங்களும் ஒத்த அளவில் நிகழ்வதன் தோற்றமே. ஏரி ஒன்றில் வாய்க்கால் வழியே வரும் நீரும் மதகு வழியே செல்லும் நீரும் ஒத்திருப்பின், நீர்மட்டம் அசையாது நிற்கும். ஆயினும் நீர் நின்றபாடில்லை. ‘சமநிலை’ என்னும் நம் சொல் துலாக்கோலின் அசைவற்ற நிலையை நினைவூட்டுவது. வேதியியலில் அது குறிப்பது ஏரியின் நிலையையே அன்றித் துலாக்கோலின் நிலையை அன்று. இவ்வேறுபாட்டை உளங்கொள்ளாதார்க்கு இனி வருவன விளங்கா.

1862-இல் பிரெஞ்சு நாட்டினரான மார்சலின் பெர்த்தலோ, பெயான் தெ சேன்-ழீல் ஆகிய இருவரும் வெளியிடத் தொடங்கிய ஆய்வு இக்கருத்துக்கு எண்களால் அரண் செய்தது. எத்தில் ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் சேர்ந்து எஸ்டரும் நீரும் தோன்றும். இவ்விரண்டையும் சம மூலக்கூற்றளவில் கலந்து எத்துணைக் காலம் வைப்பினும், மூன்றில் இரண்டு பங்கே எஸ்டராக மாறியது. மூன்றில் ஒரு பங்கு மாறாது நின்றது. எஸ்டரையும் நீரையும் கலந்து எதிர்முனையிலிருந்து தொடங்கினும் கலவை அதே அளவில் வந்து நின்றது. இருமுனையினின்றும் புறப்பட்டு ஓரிடத்திலே சந்தித்தமையால், அவ்விடம் கருவியின் குறையால் நேர்ந்ததன்று, இயற்கையின் வரம்பே என்பது புலனாயிற்று.

இவ்வினையில் மற்றுமோர் உண்மை அடங்கியுள்ளது. அறையின் இயல்பான வெப்பநிலையில் இக்கலவை தன் எல்லையை அடைய ஆண்டுகள் பல ஆகும். சூடேற்றினால் மிக விரைவில் அடையும். அமிலத்துளி சில சேர்ப்பினும் விரையும். ஆயினும் அடையும் எல்லை ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ‘எத்துணை விரைவில்’ என்னும் வினாவும் ‘எத்துணை அளவு’ என்னும் வினாவும் வெவ்வேறானவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட மயக்கமே தொழிலாளர் பலரை நெடுங்காலம் அலைக்கழித்தது.

நார்வே மொழியில் பிறந்த விதி

பெர்த்தலோவின் எண்களை ஒரு விதியாக்கியவர் நார்வே நாட்டு மைத்துனர் இருவர். காட்டோ குல்ட்பெர்க் கணிதத்தில் வல்லவர். பீட்டர் வாகே வேதியியலார். அந்நாளில் கிறிஸ்டியானியா எனப்பட்ட தலைநகரில், 1864-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தம் ஆய்வை அவர்கள் அறிவியற் கழகத்தில் படித்தனர். வினைபடும் பொருள்களின் செறிவுகளைப் பெருக்கிவரும் தொகையே வினையின் வலிமையை அளப்பது. முன்னோக்கிய வினையும் பின்னோக்கிய வினையும் ஒத்த வலிமை பெறுங்கால் சமநிலை அமையும் என்பது அவர்தம் கூற்றின் சாரம். அதன் இறுதி வடிவின்படி, ஒரு குறித்த வெப்பநிலையில் விளைபொருள்களின் செறிவுப் பெருக்கத்தை வினைபடுபொருள்களின் செறிவுப் பெருக்கத்தால் வகுத்தால் மாறா எண் ஒன்று கிட்டும்.

இவ்வெண் எஸ்டர் வினைக்கு ஏறத்தாழ 4 ஆகும். இதனைக்கொண்டு கணக்கிட்டால், அமிலமும் ஆல்கஹாலும் ஒத்த அளவாயின் அமிலத்தில் நூற்றுக்கு 66.7 பங்கு மாறும். ஆல்கஹாலை இருமடங்காக்கினால் 84.5 பங்கு மாறும், மும்மடங்காக்கினால் 90.3 பங்கு மாறும். ஒன்றை மிகுதியாக இடுவதால் மற்றொன்றின் பயன் பெருகுகின்றது. ஆயினும் நூறு என்னும் எண்ணை ஒருபோதும் எட்டுவதில்லை. நேட்ரான் ஏரியில் பெர்த்தொலே கண்ணால் கண்டது, ஈண்டுக் கணக்காயிற்று.

ஆனால் 1864-ஆம் ஆண்டின் கட்டுரை நார்வே மொழியில் இருந்தது. அதனைப் பிறநாட்டார் கண்ணுற்றிலர். 1867-இல் பிரெஞ்சு மொழியில் விரித்து எழுதினர். அதுவும் பரவலாக எட்டவில்லை. 1877-இல் ஹாலந்து நாட்டு யாக்கோபுஸ் வான்ட் ஹாஃப் இவர்தம் நூலை அறியாமலே, வினைவிரைவினின்று தொடங்கி அதே விதியை அடைந்தார். பின்னர் 1879-இல் குல்ட்பெர்க்கும் வாகேயும் ஜெர்மானிய மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டுத் தம் முன்மையை நாட்டினர். அதன் பின்னரே அறிஞருலகம் அவர்தம் பெயரை ஏற்றது. விதி பிறந்து ஏற்பு எய்தப் பதினைந்து ஆண்டுகள் சென்றன.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது அமெரிக்க அறிஞர் வில்லர்டு கிப்சின் வரலாறு. சமநிலைக்குரிய வெப்பவியல் அடிப்படையை அவர் 1876-க்கும் 1878-க்கும் இடையே வெளியிட்டார். அவர் எழுதியது ஆங்கிலமே. ஆயினும் வெளிவந்த ஏடு கனெக்டிகட் மாநிலக் கழகத்தினது. நடையோ கணிதச் செறிவு மிக்கது. 1892-இல் ஓஸ்ட்வால்டு ஜெர்மானியத்திலும், 1899-இல் லெ சாட்லியே பிரெஞ்சிலும் மொழிபெயர்த்த பின்னரே ஐரோப்பிய வேதியியலார் பலர் அதனைப் பயின்றனர். எனவே தடையாவது மொழியின் சிறுமை மட்டுமன்று. எழுதிய மொழியிலிருந்து பயில்வோர் மொழிக்குக் கொண்டுசெல்லும் பாலம் இல்லாமையே தடை என்பது நாம் கொள்ளும் முடிபு.

தமிழ்நிலத்தோடு தொடர்புடைய செய்தியொன்றும் ஈண்டுக் கருதற்குரியது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவங் கற்பித்த சாமுவேல் ஃபிஷ் கிறீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875-இல் தமிழில் வெளிவந்தது. அந்நூல் அச்சேறிய ஆண்டில், சமநிலை விதி நார்வே மொழியிலும் பிரெஞ்சிலும் மட்டுமே இருந்தது. ஜெர்மானிய வேதியியலாரே அதனைப் பெரும்பாலும் அறிந்திலர். வேதியியலைத் தன்னுள் ஏற்கத் தமிழ் முற்பட்ட காலமும், சமநிலைக் கொள்கை ஏற்புக்காகக் காத்துநின்ற காலமும் ஒன்றே என்பது அறிதற்கு இனியது.

இரும்புலையும் லெ சாட்லியேயும்

1884-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தலைசிறந்தது. அவ்வாண்டில் வான்ட் ஹாஃப் தம் புகழ்பெற்ற நூலில் வெப்பநிலை மாற்றம் சமநிலையை எத்திசையில் நகர்த்தும் என்பதை நிறுவினார். இருதிசை வினையைக் காட்ட எதிரெதிர் அம்புக்குறிகளை இட்டு எழுதும் வழக்கமும் அந்நூலினின்றே பரவிற்று. அதே ஆண்டில் பாரிசின் சுரங்கவியற் பள்ளிப் பேராசிரியர் ஆன்ரி லூயி லெ சாட்லியே அதனை அழுத்தத்துக்கும் செறிவுக்கும் உரியதாக விரித்தார்; 1888-இல் எளிய சொற்களில் மீண்டும் யாத்தார். சமநிலையில் உள்ள ஓர் அமைப்பின் நிலைகளுள் ஒன்றை நாம் மாற்றினால், அம்மாற்றத்தைத் தணிக்கும் திசையில் அமைப்பு நகரும் என்பது அவ்விதி. சூடேற்றினால் வெப்பத்தை உட்கொள்ளும் வினை மேலோங்கும். அழுத்தினால் பரும அளவைக் குறைக்கும் வினை மேலோங்கும். ஒரு பொருளை மிகுத்தால் அதனைச் செலவிடும் வினை மேலோங்கும்.

சுண்ணாம்புக் காளவாயை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். காளவாயின் வாய் திறந்திருத்தலால் வாயு வெளியேறுகிறது. வினை முடிவுவரை செல்கிறது. மூடிய கலத்தில் சுட்டாலோ, வாயு ஒரு குறித்த அழுத்தத்தை எய்தியவுடன் வினை நின்றுவிடும். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் அவ்வழுத்தம் ஒன்றே என்று தெப்ரே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1867-இல் காட்டியிருந்தார். நெருப்பு எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது காளவாயின் திறந்த வாய்.

லெ சாட்லியே எடுத்துக்காட்டாகக் கூறிவந்த வரலாறு இரும்புலையைப் பற்றியது. ஊதுலையில் இரும்புத்தாதிலுள்ள ஆக்சிஜனைக் கார்பன் மோனாக்சைடு கவர்ந்து கரியமிலவாயுவாக மாறும், இரும்பு தனிப்படும். ஆனால் உலையின் வாயிலிருந்து வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுதியாக எஞ்சியிருந்தது. எரிபொருள் வீணாகிறதே என்று தொழிலதிபர்கள் கவன்றனர். தாதும் வாயுவும் தொட்டு நிற்கும் காலம் போதாமையே காரணம் என்று கருதி, உலைகளை உயர்த்திக் கட்டினர். இங்கிலாந்தின் கிளீவ்லாந்துப் பகுதியில், 1850-களில் ஐம்பது அடியளவாக இருந்த உலைகள், 1870-ஐ ஒட்டி எண்பது அடியையும் கடந்து உயர்ந்தன. உயரத்தால் வெப்பச் சிக்கனம் ஓரளவு கிட்டியதுண்டு; ஆயினும் ஓரெல்லைக்குப் பின் உயரத்தை எவ்வளவு கூட்டினும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நீங்கவில்லை.

நீங்காமைக்குக் காரணம் இப்பொழுது நமக்கு வெளிப்படை. அவ்வினை இருதிசை வினை. குறித்த வெப்பநிலையில் இரு வாயுக்களின் விகிதத்துக்கு ஓரெல்லை உண்டு. காலத்தை நீட்டித்தல் எல்லையை நகர்த்தாது. அழுத்தமும் பயன்படாது, ஏனெனில் ஒரு பங்கு வாயு செலவாகி ஒரு பங்கு வாயுவே தோன்றுதலின், பரும அளவில் மாற்றமில்லை. சில தாள்களில் முடிந்திருக்க வேண்டிய கணக்கு, செங்கல்லாலும் பொன்னாலும் போடப்பட்டது. விரைவு பற்றிய வினாவையும் அளவு பற்றிய வினாவையும் ஒன்றாக மயங்கியதற்குத் தொழிலுலகம் கொடுத்த விலை இது.

அம்மோனியா: விதிக்கு நேர்ந்த தேர்வு

விதியின் முழு ஆற்றலும் அம்மோனியாத் தொகுப்பிலேயே வெளிப்பட்டது. 1898-இல் பிரிஸ்டல் நகரில் வில்லியம் குரூக்ஸ் ஆற்றிய தலைமையுரையில், கோதுமையுண்ணும் மக்கட்கு நைட்ரஜன் உரம் போதாத காலம் வரும் என எச்சரித்தார். அந்நாளில் உரத்துக்கும் வெடிமருந்துக்கும் சிலி நாட்டு வெடியுப்பே பெருந்துணை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருந்தும், அதனைப் பிணிக்கும் வழி அறியாது உலகம் நின்றது.

ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் கூடி இரண்டு பங்கு அம்மோனியா ஆகும். அக்கால் வெப்பம் வெளிப்படும். நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகச் சுருங்குதலின், மிகுந்த அழுத்தம் நலம் பயக்கும். வெப்பம் வெளிப்படுதலின், குறைந்த வெப்பநிலையே விளைவைப் பெருக்கும். ஆனால் குறைந்த வெப்பநிலையில் நைட்ரஜன் அசைவதே இல்லை. வினை நிகழக் காலம் எல்லையின்றி நீளும். விளைவளவு ஒன்றை வேண்ட, விரைவு மற்றொன்றை வேண்டுகிறது. இம்முரணே தொழிலின் உயிர்நாடியாயிற்று.

விதியை வகுத்த லெ சாட்லியேயே இவ்வினையை முதலில் முயன்றார். மிகு அழுத்தமும் இரும்பு வினையூக்கியும் வேண்டும் என்று சரியாகவே உய்த்துணர்ந்தார். 1901-இல் நடத்திய சோதனையில் வாயுக்கலவையுடன் காற்றுக் கலந்திருந்தமையால் கருவி வெடித்துச் சிதறியது. உதவியாளர் உயிர்தப்பியது அரிதாயிற்று. அவர் முயற்சியைக் கைவிட்டார். தம் கைக்கு எட்டிய கண்டுபிடிப்பை நழுவவிட்டதே தம் வாழ்வின் பெரும்பிழை என்று முதுமையில் அவர் வருந்தினார். விதியை அறிதல் வேறு, அதன்வழிக் கருவியை ஆளுதல் வேறு என்பதை அவரினும் தெளிவாக உணர்ந்தவர் இலர்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1904-இல் இவ்வினையை ஆராயத் தொடங்கினார். ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் 1000 பாகை அளவான வெப்பநிலையிலும் கிடைத்த அம்மோனியா மிகமிகச் சிறிது. வெப்பவியல் அறிஞர் வால்ட்டர் நெர்ன்ஸ்ட்டு தம் புதுத்தேற்றத்தால் கணக்கிட்டு ஹேபரின் எண் பொருந்தாது என்றார். ஹேபர், இங்கிலாந்தில் பயின்று வந்த ராபர்ட் லெ ரோசிஞோல் என்பாருடன் மீண்டும் அளந்தார், நூற்றுக்கு 0.0048 பங்கு என்று கண்டார். நெர்ன்ஸ்ட்டு கண்டதோ 0.0032. 1907-இல் ஹாம்பர்க்கு நகரில் கூடிய அறிஞர் பேரவையில் நெர்ன்ஸ்ட்டு ஹேபரைப் பலர்முன் மறுத்துரைத்தார். மிகு அழுத்தத்தில் அளந்தால் பிழை குறையும் என்றும் கூறினார். பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய வேறுபாடு பற்றிய பூசல் வீண்பூசல் போலத் தோன்றலாம். அவ்வாறன்று. அச்சிற்றெண்ணைக் கொண்டே மிகு அழுத்தத்தின் விளைவு கணக்கிடப்பட வேண்டியிருந்தது. மேலும், நாணுற்ற ஹேபர் மிகு அழுத்தத்தை நோக்கித் திரும்பியதும் அப்பூசலாலேயே.

ஹேபர் வகுத்த எண்கள் சில ஈண்டுத் தரத்தக்கன. 200 பாகையில், ஒரு வளிமண்டல அழுத்தத்திலேயே கலவையில் நூற்றுக்கு 15.3 பங்கு அம்மோனியா இருத்தல் கூடும். 200 வளிமண்டல அழுத்தத்தில் அது 85.8 ஆகும். ஆனால் அவ்வெப்பநிலையில் வினையை நடத்தும் ஊக்கி கிடைத்திலது. 500 பாகையில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 0.13 பங்கே, 100 வளிமண்டல அழுத்தத்தில் 10.4, 200 வளிமண்டல அழுத்தத்தில் 17.6. வெப்பநிலையை 600 பாகைக்கு உயர்த்தினால், 200 வளிமண்டல அழுத்தத்திலும் 8.25 ஆகக் குறையும். வெப்பநிலை ஏறுந்தோறும் விளைவு இறங்குவதையும், அழுத்தம் ஏறுந்தோறும் விளைவு ஏறுவதையும் இவ்வெண்கள் ஐயமறக் காட்டுகின்றன.

வினையூக்கி இவ்வெண்களுள் ஒன்றையும் மாற்றுவதில்லை என்பது குறிக்கொள்ளத்தக்கது. இருதிசை வினைகளையும் அது ஒருங்கே விரைவிக்கும்; எல்லையை நகர்த்தாது. ஆயினும் குறைந்த வெப்பநிலையிலேயே வினை நிகழச் செய்வதால், நல்ல எல்லையுள்ள இடத்தில் தொழில் நடத்த வழி செய்கிறது. அதன் பயன் நேர்ப்பயன் அன்று, வழிப்பயன். ஹேபர் ஆசுமியத்தை ஊக்கியாகக் கொண்டார். மற்றுமோர் உத்தியும் கண்டார். ஒருமுறை கடந்த கலவையில் பெரும்பகுதி மாறாது நிற்குமாயின், தோன்றிய அம்மோனியாவைக் குளிர்வித்து நீர்மமாகப் பிரித்து, எஞ்சிய வாயுவை மீண்டும் உலைக்கே செலுத்தலாம். நேட்ரான் ஏரியின் கரையில் விளைபொருள் தானே நீங்கியது. ஈண்டு மாந்தன் கருவியால் நீக்கினான். ஒரு சுற்றின் விளைவு சிறிதாயினும் முடிவில் பெரும்பகுதியும் பயனாயிற்று.

1909-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், லுட்விக்ஸ்ஹாஃபனிலுள்ள பி.ஏ.எஸ்.எஃப். தொழிலகத்தினின்று கார்ல் போஷும் ஆல்வின் மித்தாஷும் கார்ல்ஸ்ரூவுக்கு வந்தனர். கருவியின் இணைப்பொன்று அழுத்தந் தாங்காது பழுதுற்றது. அதனைச் சீர்செய்வதற்குள் போஷ் புறப்பட்டுவிட்டார். மித்தாஷ் தங்கியிருந்து, கண்ணாடிக் குழலில் அம்மோனியா துளித்துளியாய் விழுவதைக் கண்டார். பின்னர் அவரே ஆயிரக்கணக்கான சோதனைகள் நடத்தி, அரிதிற் கிடைக்கும் ஆசுமியத்துக்கு மாற்றாக, அலுமினாவும் பொட்டாசும் சிறிது சேர்ந்த இரும்பே சிறந்த ஊக்கி எனக் கண்டறிந்தார். போஷ் எதிர்கொண்டது எஃகின் இடர். மிகு அழுத்தத்தில் சூடான ஹைட்ரஜன் எஃகிலுள்ள கார்பனைக் கவர்ந்துவிட, உலைக்குழாய்கள் நான்கு நாட்களுக்குள் வெடித்தன. உள்ளே கார்பன் குறைந்த மெல்லிரும்புக் குழலும், வெளியே துளையிட்ட எஃகுக் கூடும் அமைத்து, ஊடுருவும் ஹைட்ரஜன் துளைவழியே வெளியேறச் செய்தார். 1913-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது.

பயனும் பழியும்

இவ்வெற்றி தோன்றிய மறு ஆண்டே போர் மூண்டது. ஆங்கிலேயக் கடற்படை சிலி நாட்டு வெடியுப்பு ஜெர்மனிக்கு வாராது தடுத்தது. உரத்துக்கென எழுந்த அம்மோனியா நைட்ரிக அமிலமாகி வெடிமருந்துக்குச் சென்றது. 1917-இல் லொய்னாவில் மற்றுமோர் பேராலை எழுந்தது. ஹேபரோ 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் இப்ரே போர்முனையில் குளோரின் வாயுத்தாக்குதலை வழிநடத்தினார். சில நாட்களில், தாமும் வேதியியலில் பட்டம் பெற்றவரான அவர்தம் மனைவி கிளாரா தம்முயிரைப் போக்கிக்கொண்டார். 1918-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு ஹேபருக்கு அளிக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஓப்பாவில் உரக்குவியல் வெடித்து ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். யூதக்குடியிற் பிறந்தவரான ஹேபர், 1933-இல் இட்லரின் ஆட்சியில் பதவி துறந்து நாடு நீங்கினார். 1934-ஆம் ஆண்டு சனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் காலமானார்.

மறுபுறம், இன்று உலக மக்களுள் ஏறத்தாழச் செம்பாதியர் உண்ணும் உணவு இம்முறையால் பிணிக்கப்பட்ட நைட்ரஜனைச் சார்ந்து விளைகின்றது என்று அறிஞர் மதிப்பிடுகின்றனர். அதே ஆலைகள் நிலக்கரியையும் இயற்கை வாயுவையும் ஹைட்ரஜனுக்காகச் செலவிட்டுக் கரியமிலவாயுவைப் பேரளவில் வெளியிடுகின்றன. 200 பாகையில் திறம்பட இயங்கும் ஊக்கி கிடைப்பின் அழுத்தமும் எரிபொருளும் மிச்சமாகும் என்பதை ஹேபரின் அட்டவணையே சொல்லிவிட்டது. அத்தேடல் இன்னும் முடிந்திலது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று: வினையின் விளைவளவு முயற்சியின் மிகுதியால் மட்டும் அமைவதன்று, செறிவு, அழுத்தம், வெப்பநிலை என்னும் நிலைகளால் வரையறுக்கப்படுவது. விரைவை மிகுக்கும் வழிகள் எல்லையை நகர்த்தா. இவ்வேறுபாட்டை அறியாமையால் இரும்புலைகள் வீணே உயர்ந்தன. அறிந்தமையால் அம்மோனியா உலை இயன்றது. இரண்டு: இவ்வுண்மை காலந்தாழ்த்து நிலைபெற்றமைக்கு இயற்கையின் அருமை மட்டும் காரணமன்று. பிழையோடு மெய்யையும் எறிந்த வாதமும், சிறுமொழியில் எழுதியதை எடுத்துச் செல்வார் இல்லாமையும் காரணங்களாயின. மூன்று: விதி அளவைச் சொல்லும், அவ்வளவை எதற்குப் பயன்படுத்துவது என்பதைச் சொல்லாது. அம்மோனியா வயலுக்குச் செல்வதும் வெடிகுண்டுக்குச் செல்வதும் சமநிலை எண்ணில் அடங்கா.

இவற்றுள் இரண்டாவது தமிழாய்வாளர்க்கு நேரே உரியது. குல்ட்பெர்க்கும் வாகேயும் தம் மொழியில் எழுதியது குற்றமன்று. அம்மொழியிலேயே அவர்கள் தெளிவாகச் சிந்தித்தனர். அதனை ஏனையோர் பதினைந்து ஆண்டுகள் அறியாதிருந்தமையே குறை. தமிழில் அறிவியல் எழுதுவோரும், அதனைப் பிறமொழிக்கும் பிறமொழியினின்று தமிழுக்கும் கொண்டுசெல்வோரும் ஒருங்கே வேண்டப்படுகின்றனர். இவ்விரு பணியும் இருதிசை வினை போல்வன. இரண்டும் ஓயாது நிகழும் வரையிலேயே அறிவு நிலைபெறும்.